கீழ்க்கட்டளையிலிருந்து வந்த சீல்

கையுறை ஏறவில்லை. சவப்பெட்டியோடு சேர்த்துக் கொடுத்த வெள்ளைத் துணிக் கையுறை. தைத்தவர் எந்தக் கைக்கு அளவெடுத்தாரோ, லாசரஸின் கை பாதி வரைக்கும்தான் அதற்குள் நுழைந்தது. ஹில்டா மாமனாரின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். உயிர் போய் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. விரல்கள் வளைய மறுத்தன. உயிரோடு இருந்தபோதும் அவர் யாருக்கும் வளைந்து கொடுத்தவர் இல்லை.

"என்னம்மா இது, வெரலெல்லாம் கொப்புளம்?" என்றாள் தபீதாள். மாதர் சங்கத்தின் தலைவி. சபையில் யார் இறந்தாலும் குளிப்பாட்ட முதலில் வந்து நிற்பவள் அவள்தான். ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே குனிந்து பார்த்தாள்.

"ஸ்டவ்வுல பட்டுடுச்சுக்கா."

"பத்து வெரலுமா?"

"பத்தும்தான்" என்றாள் ஹில்டா. கையுறையை மணிக்கட்டு வரை இழுத்து, அதன் மேல் கோட்டுக் கையை இறக்கிவிட்டாள்.

தபீதாள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் விட்டாள் என்றால் மறந்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. இங்கே விட்டதை நாளைக்குப் பல்லாவரத்தில் நாலு பேரிடம் போய் எடுத்துக்கொள்வாள்.

வாசலில் ஸ்பேனர் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தயாளன் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஷாக் அப்ஸார்பர் மாட்டிக்கொண்டிருந்தான். அப்பா கூடத்தில் கோட்டும் டையுமாகக் கிடக்கிறார், பிள்ளை எண்ணெய்ப் பிசுக்கோடு வண்டிக்கு அடியில் கிடக்கிறான். வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சபையில் பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி ஒன்று உண்டு. போதகர் அதை அனுப்புகிறேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். தயாளன் கேட்கவில்லை.

"எங்கப்பாவ என் வண்டியிலதான் எடுத்துக்கினு போவேன். ஒரு குலுக்கல் இல்லாம போவும் பாருங்க" என்றான். நாலு மணிக்கு அடக்கம். மணி பன்னிரண்டு.

ஆறு வாரமாக அந்த வண்டி செங்கல் மேல் நின்றது. பழைய மிலிட்டரி ஜீப்பை வாங்கிப் பின்பக்கத்தைப் பிக்கப்பாக மாற்றிய வண்டி. படப்பைக் கோழிப் பண்ணையிலிருந்து தாம்பரம் ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் முட்டை கொண்டுவருவதுதான் தயாளனின் பிழைப்பு. முட்டை வியாபாரிக்கு ஷாக் அப்ஸார்பர் எவ்வளவு முக்கியம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மழைக்குப் பிறகு முடிச்சூர் ரோடு முழுக்கப் பள்ளம். நாலு ஷாக்கும் எண்ணெய் கக்கிவிட்டன. ஒரு நடைக்கு ஐம்பது அறுபது முட்டை உடைந்தது. உடைந்ததை எறிய மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். காலையில் ஆம்லெட், மத்தியானம் முட்டைக் குழம்பு, ராத்திரி முட்டைப் பொரியல். ஹில்டாவுக்கு முட்டை ஓட்டைப் பார்த்தாலே குமட்டியது. பண்ணைக்காரர், "தயாளன், வண்டிய சரி பண்ணிட்டு வா. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். கார்த்திகை முடிவதுதான் அவர் கொடுத்த கெடு.

புது ஷாக் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வருவது நின்று வருஷக்கணக்காகிறது. பழையதையே பிரித்து, கெரசினில் கழுவி, கழுத்தில் இருக்கும் ஆயில் சீலை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி மூட வேண்டும். பெரிய வித்தை எதுவும் இல்லை. எல்லாம் அந்தச் சீலில்தான் இருக்கிறது. நாலணாக் காசு அகலத்தில் ஒரு ரப்பர் வளையம், அதற்கு மெல்லிய ஓர் உதடு. மேலும் கீழும் போய்வரும் கம்பியை அந்த உதடு கவ்விப் பிடித்தால் எண்ணெய் உள்ளே நிற்கும். பிடிக்கவில்லை என்றால் ஒரே வாரத்தில் வண்டி மறுபடியும் குதிரையாகிவிடும்.

சீல் நல்லதா போலியா என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தது. அதுதான் தொல்லை.

லாசரஸ் மவுண்ட் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். சீமையிலிருந்து பெட்டி வந்தால் அவர் தொட்டுப் பார்த்து ஓ.கே. என்று சொன்ன பிறகுதான் உள்ளே போகும். கண்ணை மூடிக்கொண்டு, சீலின் உதட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். "பாஸ்" அல்லது "பெயில்". வேறு பேச்சு கிடையாது. ஓய்வு பெற்று வந்த பிறகும் தாம்பரத்து மெக்கானிக்குகள் புதுப்பேட்டையில் எது வாங்கினாலும் நேரே இவர் கட்டிலுக்குத்தான் கொண்டுவருவார்கள். சர்க்கரை வியாதியில் இடது கால் விரல் இரண்டு போனது, கண்ணில் புரை விழுந்தது. அப்போதும் வந்தார்கள். "கண்ணு எதுக்குடா? வெரல் இருக்கு" என்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதை யாரும் மறுத்ததில்லை.

தயாளனைப் பாஸ் பண்ணியது மட்டும் கிடையாது. பத்தாவது பெயிலான நாளிலிருந்து முப்பத்தைந்து வயசு வரைக்கும் அவன் எதைக் கொண்டுவந்தாலும் பெயில்தான். ஹில்டாவைப் பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னபோதுகூட, "உனக்கு எவ சரின்னா, உன்னைப் பாத்து ஓடாம நிக்கிறவதான்" என்றாராம். கல்யாணமான புதிதில் இதைத் தயாளனே அவளிடம் சிரித்துக்கொண்டு சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

இந்த ஆறு வாரத்தில் தயாளன் புதுப்பேட்டைக்கு மூன்று முறை போனான். முதல் முறை கொண்டுவந்த சீலை லாசரஸ் உருட்டிப் பார்த்து ஜன்னல் வழியாக எறிந்தார். இரண்டாம் முறை, "டேய், இது டயரை அரைச்சு அச்சுல அமுக்கினது. செருப்புக்குப் போடு" என்றார். மூன்றாவது முறை கம்பெனி டப்பாவோடு, இங்கிலீஷ் லேபிளோடு வாங்கி வந்தான். அதற்கும் பெயில். குன்றத்தூரில் ஒருவர் ஜீப்பைக் கழித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு மழையில் சைக்கிள் மிதித்துப் போய், அதன் ஷாக்கைப் பிரித்துப் பழைய சீலைக் கொண்டுவந்தான். பெயில். கடைசியில், புதன்கிழமை, கீழ்க்கட்டளையில் சாம்பசிவனைப் பிடித்தான். பட்டாளத்தில் இருபது வருஷம் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெழுகுக் காகிதத்தில் சுற்றிய நாலு சீலைப் பீரோவிலிருந்து எடுத்து வந்தார். காகிதத்தின் மேல் ராணுவத்து நம்பர் அச்சாகியிருந்தது.

"எடுத்துக்கோ தம்பி. எங்கிட்ட ஜீப்பே இல்ல, இத வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? ஒங்கப்பா கையில குடு, அவருக்குத் தெரியும்" என்றார் சாம்பசிவன்.

தயாளன் அன்று பாடிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான். ஹில்டா அவனை அப்படிப் பார்த்து நாளாகியிருந்தது. அப்பாவின் கையில் ஒரு சீலை வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தான். முப்பத்தைந்து வயசு ஆள், பரீட்சைப் பேப்பர் வாங்கக் காத்திருக்கிற பையனாட்டம் உட்கார்ந்திருந்தான்.

லாசரஸ் உருட்டினார். நெடுநேரம் உருட்டினார்.

"பெயில்" என்றார். வாசல் சாக்கடைப் பக்கம் வீசினார்.

தயாளன் எழுந்து போய்ச் சாக்கடையிலிருந்து அதைப் பொறுக்கினான். கெரசின் விட்டுக் கழுவித் துடைத்ததை ஹில்டா சமையலறை வாசலிலிருந்து பார்த்தாள். அவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஆகஸ்ட் மாதம், வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அரை நாள் விட்ட ஒரு மத்தியானம், அவள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். கருகல் வாடை அடித்தது. லாசரஸ் கட்டிலில் உட்கார்ந்து எரியும் தீக்குச்சியை விரலில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வலி இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஓடிப்போய்த் தட்டிவிட்டாள். அவளென்று தெரிந்ததும் அந்த மனிதர், அவள் கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் முதல் முறையாக, அவளிடம் கெஞ்சினார்.

"ரெண்டு வெரல்லயும் ஒண்ணும் தெரியலம்மா. ரப்பரும் ஒண்ணுதான், கட்டையும் ஒண்ணுதான். தயாளன்கிட்ட சொல்லிடாத. அவனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சுடும். அப்புறம் எவன் என் கட்டிலுகிட்ட வருவான்?"

அவள் சொல்லவில்லை. இரக்கத்தால்தான் சொல்லவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே குழம்பில் உப்பு கூடியிருந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காபியை "நல்லா இருக்கும்மா" என்று குடித்தார். எதற்கெடுத்தாலும் அவளுடைய அம்மா வீட்டை இழுக்கும் பேச்சு நின்றது. அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அதை அவள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மெக்கானிக்குகள் வந்தார்கள், அவர் உருட்டினார், வாய்க்கு வந்தபடி பாஸ் பெயில் சொன்னார், அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாருடைய வண்டி எங்கே எண்ணெய் கக்கியதோ, ஹில்டா கவலைப்படவில்லை.

ஆனால் ஆள் கூடிவிட்டால் லாசரஸுக்கு நாக்கு நிற்காது. இந்தச் செவ்வாய்க்கிழமை மாதர் சங்கம் ஜெபத்துக்கு வந்தது. ஜெபம் முடிந்து காபி வந்ததும் தபீதாள் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"ஹில்டாவுக்கு ஏதாச்சும் விசேஷம் உண்டா லாசரஸ் ஐயா? ஜெபத்துல வெச்சிருக்கோம்."

இரண்டு கரு கலைந்திருந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். அங்கே உட்கார்ந்திருந்த பத்துப் பெண்களுக்கும் அது தெரியும்.

"சீல் சரியில்லன்னா எத்தன தடவ ஆயில் ஊத்தினாலும் நிக்காதும்மா" என்றார் லாசரஸ்.

இரண்டு பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். தபீதாள், "போங்க ஐயா, நீங்க ஒண்ணு" என்று செல்லமாகக் கடிந்துகொண்டாள். ஹில்டா புருஷனைப் பார்த்தாள். வாசற்படியில் ஷாக் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த தயாளன் தலையை நிமிர்த்தவில்லை. மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு மட்டும் வந்தது. அப்பாவின் பேச்சுக்கு அவன் எப்போதும் சிரிக்கிற சிரிப்புத்தான் அது. அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எல்லாவற்றையும் இரண்டு முறை கழுவினாள்.

அதனால்தான் புதன்கிழமை அவள் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமையும் திறக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தயாளன் அந்தக் காரியத்தைச் செய்தான். சாக்கடையில் பொறுக்கிக் கழுவிய கீழ்க்கட்டளைச் சீலை ஒரு நியூஸ் பேப்பரில் சுற்றினான். முதல் நடையில் வாங்கி, அப்பா ஜன்னல் வழியாக எறிந்த மட்ட ரக சீலை, இங்கிலீஷ் லேபிள் ஒட்டிய கம்பெனி டப்பாவுக்குள் போட்டான். சமையலறை மேடை மேல் வைத்துத்தான் இரண்டையும் மாற்றினான். ஹில்டா பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாரு, இன்னிக்கு மாட்டுவாரு. வேணும்னே என்னை அலைய விடறாருன்னு எனக்குத் தெரியும். ஒரிஜினல்னு கைக்குத் தெரியும், வாய் ஒத்துக்காது. மகன் கொண்டாந்தான்ல" என்றான் தயாளன்.

அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அது வெங்காயத்தால்தான்.

சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று தயாளன் பொன்னுசாமியை வரவழைத்திருந்தான். முடிச்சூர் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், லாசரஸை வாத்தியாராக நினைப்பவன். கூடவே அவன் ஷெட்டு ஆட்கள் இரண்டு பேர். நாலு பேர் குரல் கேட்டதும் லாசரஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹில்டாவிடம் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பேப்பரில் சுற்றியதை முதலில் வாங்கினார். உருட்டினார். பேப்பர் சரசரத்தது காதில் விழுந்திருக்கும்.

"பெயில். எங்கடா பொறுக்கின?"

டப்பாவை வாங்கினார். மூடியைத் திறக்கும் சத்தத்திலேயே முகம் மாறிவிட்டது. சீலை எடுத்து, கண்ணை மூடி, ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"இதாண்டா!" என்றார். "ஒதடு பாரு, பிளேடாட்டம் நிக்குது. இத எத்தன வருஷமாச்சு தொட்டு! தயாளா, இப்பத்தாண்டா உருப்படியா ஒண்ணு வாங்கியாந்திருக்க. பாஸ்."

முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வார்த்தை தயாளனுக்கு அப்போதுதான் கிடைத்தது. அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். அப்படிப் போகிறவனாக இருந்தால் டப்பாவை மாற்றியிருக்க மாட்டான். அப்பாவின் கையிலிருந்து சீலைப் பிடுங்கி, உதட்டை நகத்தால் கிள்ளினான். ரப்பர் பிய்ந்து வந்தது. அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

"அப்பா, இது நீங்க போன மாசம் ஜன்னல் வழியா எறிஞ்சீங்களே, அதே மட்ட ரப்பரு. டப்பா மட்டும்தான் கம்பெனி. பேப்பர்ல இருந்ததுதான் மிலிட்டரி ஒரிஜினல், நேத்து சாக்கடையில போட்டீங்களே, அது. இப்ப சொல்லுங்க, யாரு பெயிலு?"

ஷெட்டு ஆட்கள் கெக்கலித்தார்கள். பொன்னுசாமியும் முதலில் சிரித்தான். "இன்னா சார், சறுக்கிட்டியே!" என்றவன், கிழவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு சிரிப்பு கேட்டது. சமையலறை வாசலிலிருந்து. ஹில்டா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த நினைத்தும் அது நிற்கவில்லை. அப்படி ஒரு சிரிப்பு அவளுக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது.

லாசரஸ் சிரிப்பு வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது.

"ரெண்டையும் குடு" என்றார் மகனிடம். வாங்கிக்கொண்டு உருட்டினார். ஆட்கள் போன பிறகும் உருட்டினார். மீதி எட்டு விரல்களிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் ஹில்டாவைக் கூப்பிட்டார்.

"நெருப்பெட்டி குடும்மா."

எதற்கென்று அவள் கேட்கவில்லை. மாடத்திலிருந்து பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

காலை ஐந்து மணிக்குக் காபி கொண்டு போனபோது லாசரஸ் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பு குளிர்ந்திருந்தது. கட்டிலுக்கடியில் எரிந்த குச்சிகள் சிதறிக் கிடந்தன. பத்து விரலும் வெந்திருந்தது. அவள் தயாளனை எழுப்புவதற்கு முன்னால் துடைப்பத்தை எடுத்துக் குச்சிகளைக் கூட்டி அடுப்பில் போட்டாள். கைகளைப் போர்வைக்குள் விட்டாள். அதற்கப்புறம்தான் கத்தினாள். டாக்டர் வந்து நாடி பார்க்கவில்லை, மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சர்க்கரைக்காரருக்கு இதயம் இப்படித் தூக்கத்திலேயே நிற்பதுண்டு என்று சொல்லிப் போனார்.

கீழ்க்கட்டளைச் சீல்களை மாட்டி மூன்றரைக்கு வண்டி தயாராகிவிட்டது. தயாளன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றான். நகக் கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். போதகர் தயாளனை ஓரமாக அழைத்து, அடக்க ஆராதனையில் சொல்ல அப்பாவைப் பற்றி ஏதாவது உண்டா என்று கேட்டார். தயாளன் சொன்னான். காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் சொன்னதைத்தான் சொன்னான். டப்பாவை மாற்றிய கதையை.

"ரொம்பப் பிடிவாதம் ஐயா. கைக்குத் தெரியும், ஆனா என்கிட்ட ஒத்துக்க மாட்டாரு. நேத்து மாட்டிக்கிட்டாரு. அந்த ரோஷந்தான் ஐயா, வேறொண்ணும் இல்ல."

போதகர் தலையை ஆட்டினார். ஹில்டா நாலடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் அதைக் கேட்டது ஏழாவது முறை.

ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. ஒரு மின்சார ரயில் போய், இன்னொன்று போய், கேட் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பின்னால் நடந்து வந்தவர்களெல்லாம் பிக்கப்பைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். தண்டவாளத்தில் ஏறி இறங்கியபோது பெட்டி அசையவில்லை. மேலே வைத்திருந்த மல்லிகை வளையம்கூட நகரவில்லை. பொன்னுசாமி பக்கத்தில் நடந்து வந்துகொண்டே, "தண்ணி மேல போறாப்பல கீதுண்ணா" என்றான். தயாளன் தலையை வெளியே நீட்டி அவனுக்கு நன்றி சொன்னான். கல்லறைத் தோட்டத்தில் போதகர் பிடிவாதத்தைப் பற்றிப் பேசவில்லை. லாசரஸின் விரல்களைப் பற்றிப் பேசினார். போலியையும் மெய்யையும் பிரித்தறியும் வரத்தை ஆண்டவர் அந்த விரல்களுக்குக் கொடுத்திருந்தார் என்றார். பெட்டியின் மேல் முதல் பிடி மண்ணைத் தயாளன் போட்டான். இரண்டாவது பிடியை ஹில்டா போட்டாள்.

திரும்பும்போது வண்டியில் அவர்கள் இருவர்தான். மற்றவர்கள் நடந்து வந்தார்கள். தயாளன் வேண்டுமென்றே பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

"பாத்தியா, ஏதாச்சும் தெரியுதா? நாளைக்கே படப்பைக்குப் போயிடலாம். ஒரு முட்டை ஒடையாது" என்றான்.

அவள் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா ஒண்ணு சொல்லுவாரு, ஞாபகம் இருக்கா? சீல் சரியில்லன்னா எத்தன தடவ ஆயில் ஊத்தினாலும் நிக்காதும்பாரு. எவ்வளவு கரெக்டான பேச்சு!" தயாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் அழுதது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை அந்த வார்த்தை யாரைப் பற்றிச் சொல்லப்பட்டது என்பது அவனுக்கு நினைவே இல்லை. அவன் நடிக்கவில்லை, மெய்யாகவே மறந்துவிட்டான். அது தெரிந்ததும் ஹில்டாவுக்குள் காலையிலிருந்து கட்டி வைத்திருந்தது அவிழ்ந்தது. அவனுக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தாள். அதை மட்டும்தான் நினைத்தாள்.

"அவருக்கு வெரல்ல உணர்ச்சியே கெடையாதுங்க" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணும் தெரியாது. தீக்குச்சிய வெச்சாலும் தெரியாது. சும்மா உருட்டிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டிருந்தாரு. பேப்பர் சத்தம் கேட்டா பெயில், டப்பா சத்தம் கேட்டா பாஸ். வேணும்னு உங்களை அலைய விடல. அவருக்கு நெஜமாவே தெரியல."

தயாளன் வண்டியை ஓரம் கட்டினான். எஞ்சினை நிறுத்தவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆகஸ்ட்லேருந்து தெரியும்."

"நான் டப்பாவ மாத்தும்போது பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்."

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நடந்து வந்தவர்கள் அருகில் வந்து, கடந்து போனார்கள். தபீதாள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நீ சிரிச்ச" என்றான் தயாளன்.

"சிரிச்சேன். நெருப்பெட்டியும் நான்தான் குடுத்தேன். காலையில குச்சிய எல்லாம் கூட்டி அள்ளினேன். பத்து வெரலும் வெந்து கெடந்துச்சு. அதுக்குத்தான் கையுறை போட்டேன்."

வண்டி பள்ளங்களில் இறங்கி, சத்தமே இல்லாமல் ஏறி, வீட்டு வாசலில் வந்து நின்றது.

அடக்கம் நடந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக் காமு கூடத்தைக் கழுவிவிட்டு, தன் வீட்டிலிருந்து காபி போட்டு எடுத்து வந்தாள். டபரா இல்லாமல் பித்தளை டம்ளரில் விளிம்பு வரை ஊற்றியிருந்தாள். தான் முந்தானை நுனியால் பிடித்துக்கொண்டு வந்ததை, "பாத்து, கொதிக்குது" என்று சொல்லித் தயாளனிடம் நீட்டினாள்.

அவன் வெறுங்கையால் வாங்கினான். இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, குடிக்காமல், காலியாகக் கிடந்த கட்டிலின் எதிரே தரையில் உட்கார்ந்தான். காமு இன்னொரு டம்ளரை ஹில்டாவின் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தயாளனின் விரல் நுனிகள் முதலில் வெளுத்து, பிறகு சிவந்தன.

"சுடுதா?" என்று கேட்டாள் ஹில்டா.

"சுடுது" என்றான்.

டம்ளரை அவன் கீழே வைக்கவில்லை. அவளும் எழுந்து போய் வாங்கவில்லை.